ஒன்றாம் எண் தகடு

மார்ச் 12, செவ்வாய்.
இன்று ஒரு தவறு தெரியவந்தது. சிறியது. வெள்ளிக்கிழமை கொடுத்த சலவைக்கடை அறிக்கையில், 'விரிசல் அகலும் அளவு மாதாமாதம் குறைந்துவருகிறது. ஆகவே விரிசல் நின்றுவிடும்' என்று எழுதியிருக்கிறேன். முதல் பாதி சரி. கடைசிப் பாதி சரியா என்று தெரியாது. நடுவிலுள்ள 'ஆகவே' நிச்சயமாகத் தவறு.

எழுதி முடித்துப் பேனாவை மூடியவள், மறுபடி திறந்து, 'சிறியது' என்ற சொல்லுக்கு மேலே பொடியாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அலுவலகத்தில் அவளுக்கு 'ரெண்டுதரம்' என்று பெயர். எதையும் இரண்டு தரம் அளப்பாள், இரண்டு தரம் எழுதுவாள், கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். மூன்றாவது தரம் இழுத்துப் பார்ப்பதும் உண்டு. அதை யார் கண்ணிலும் படாமல் செய்வாள். கட்டட ஆய்வு அலுவலகத்தில் உதவி அளவையாளர் வேலை. அடுத்த படிக்குப் போக வேண்டுமென்றால் கணிதத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும். அதற்காக வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பு.

போன அக்டோபரில், சலவைக்கடையும் அலுவலகமும் இருக்கும் தெரு நெடுக வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். கட்டடங்கள்தான் அதை மறக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சுவரில் கோடு விட ஆரம்பித்தன. மேற்பார்வையாளர் போய் ஒவ்வொரு விரிசலின் மேலும் ஒரு தகடு ஒட்டினார். தகடு என்பது உண்மையில் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள். ஒன்று விரிசலுக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். ஒன்றில் மில்லிமீட்டர் கட்டங்கள், அதன் மேல் படியும் மற்றதில் ஒரு சிவப்புக் குறுக்குக்கோடு. சுவர் விலக விலகக் கோடு கட்டத்தில் நகரும். மாதம் ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதுவது ரெண்டுதரத்தின் வேலை. அவள் பட்டியலில் பதினான்கு தகடுகள். எண் இரண்டில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "ஒண்ணு எங்க சார்?" என்று கேட்டாள். "அது சாம்பிள்மா" என்றார் மேற்பார்வையாளர். அவள் குறித்துக்கொண்டாள்: ஒன்று, சாம்பிள்.

சலவைக்கடைச் சுவரில் இருப்பது இரண்டாம் எண். முதல் மாதம் இரண்டு மில்லி விலகியது. அடுத்த மாதம் ஒன்று. பிறகு புள்ளி ஏழு, புள்ளி ஐந்து, புள்ளி நான்கு. படிக்கட்டு இறங்குவதுபோல் ஒழுங்காக இறங்கியது. பார்க்கவே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் 'ஆகவே' என்ற வார்த்தை வந்து விழுந்தது.

செவ்வாய் மாலை வகுப்பில், பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்தித் தொண்டை கட்டிப்போன வாத்தியார், பேசாமல் பலகையில் இரண்டு வரிசை எழுதினார். மேலே: ஒன்று, அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாக. கீழே: ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று. இரண்டுக்கும் வால் முடிவே இல்லாமல் போகிறது.

"கூட்டிக்கிட்டே போனா ரெண்டும் ஏதாவது ஒரு எண்ணுக்குள்ள அடங்குமா? அடங்கும்னா அது ஒருங்கும் தொடர். எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் அதைத் தாண்டிடும்னா விரியும் தொடர். ரெண்டும் ஒருங்கும்னு நெனைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

சிறுபிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் தூக்கினார்கள். ரெண்டுதரம் எல்லாருக்கும் முந்தித் தூக்கினாள். சிறியதாகிக்கொண்டே போவது எங்காவது நின்றுதானே ஆக வேண்டும்?

மேல் வரிசை இரண்டைத் தாண்டாது என்று வாத்தியார் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு கீழ் வரிசையில் வளையம் போட ஆரம்பித்தார். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கையும் சேர்த்தால் மறுபடி அரைக்கு மேல். அடுத்த எட்டைச் சேர்த்தால் இன்னோர் அரை. அடுத்த பதினாறு, இன்னோர் அரை.

"அரை அரையா எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கலாம். சரக்கு தீராது" என்றார். "பத்தைத் தொடப் பன்னிரண்டாயிரம் உறுப்புக்கு மேல ஆகும். நேரம் ஆகும், ஆனா தொடும். உறுப்பு சுழியத்தை நோக்கிப் போகலைன்னா, தொடர் விரியும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். போனா? ஒண்ணும் சொல்ல முடியாது. வேற சோதனை பண்ணணும்."

ரெண்டுதரம் நோட்டின் ஓரத்தில் இரண்டாம் எண் தகட்டின் ஐந்து அளவுகளையும் எழுதினாள். இரண்டு. இரண்டில் பாதி. இரண்டில் மூன்றில் ஒன்று, கிட்டத்தட்ட புள்ளி ஏழு. நான்கில் ஒன்று, புள்ளி ஐந்து. ஐந்தில் ஒன்று, புள்ளி நான்கு. கீழ் வரிசைதான் வேஷம் மாற்றிக்கொண்டு சலவைக்கடைச் சுவரில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? வாத்தியார் பெஞ்சு மேல ஏத்திட்டாரா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஒரு கவளத்தைக் கையில் வைத்தபடியே கேட்டான்.

"சிறுசாகிட்டே போகும், ஆனா நிக்காதா?"

"நிக்காது."

"அப்ப அம்மா திட்டுற மாதிரின்னு சொல்லு. சத்தம் குறைஞ்சுக்கிட்டே போகும். நின்னுடுச்சுன்னு நெனச்சு மூச்சு விட்டா, இன்னொண்ணு வரும்."

"கேக்குது" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "சாப்பிட்ட தட்டைக் கழுவி வை. நேத்தும் கழுவல. முந்தாநாளும் கழுவல." சற்று இடைவெளி. இன்னும் சன்னமாக, "அதுக்கு முந்துன நாளும்."

அண்ணன் கையை விரித்துக் காட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"சரிதான். உனக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்குத் தெரிஞ்ச மாதிரி."

மறுநாள் புதன்கிழமை காலை. மேற்பார்வையாளர் தன் எஃகு அடிக்கோலால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். அந்த அடிக்கோல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. டீ ஆறிவிட்டதா என்றுகூட அதை விட்டுத்தான் பார்ப்பார்.

"சார், அந்தச் சலவைக்கடை ரிப்போர்ட்..."

"கையெழுத்துக்கு வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை காலையில அந்தம்மாவுக்கு வேணுமாம். கட்டட ஓனர் அதைப் பார்த்துட்டுத்தான் அஞ்சு வருஷ ஒப்பந்தம் போடுவாராம்."

"அதுல ஒரு தப்பு இருக்கு சார்."

மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார். இந்த ஐந்து மாதத்தில் அவள் தானாக வந்து தப்பு என்று சொல்வது பதினேழாவது முறை. முந்தைய பதினாறில் ஒன்பது தப்பே இல்லை.

"கமாவா, புள்ளியா?"

"'ஆகவே', சார்."

அவள் விளக்கினாள். வளையம் போட்டும் காட்டினாள். அவர் அடிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு கேட்டவரைக்கும் போதும் என்று நிமிர்ந்தார்.

"ஆக, நிக்காதுங்கிற."

"இல்ல சார். நிக்காதுன்னும் சொல்ல முடியாது."

"இந்தா பாரும்மா. படிவத்துல ரெண்டே ரெண்டு கட்டம்தான் இருக்கு. 'நிற்கும்', 'நிற்காது'. நீ நடுவுல நின்னா நான் எங்க டிக் அடிக்கிறது?"

"நம்மகிட்ட அஞ்சு அளவுதான் சார் இருக்கு. முதல் அஞ்சு எப்படி இருந்தாலும், முதல் அஞ்சாயிரமே எப்படி இருந்தாலும், ஒருங்குமா விரியுமாங்கிறதை அது தீர்மானிக்காதாம். அதுக்கப்புறம் வர்ற வால்தான் தீர்மானிக்குமாம்."

"அப்ப நாம மாசாமாசம் லென்ஸைத் தூக்கிக்கிட்டுப் போய் எடுக்கிறோமே, அதெல்லாம்?"

ரெண்டுதரம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "இந்தக் கேள்விக்கு உதவாது சார்."

அந்த அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் வாய்விட்டுச் சொல்லாத உண்மை அது. மேற்பார்வையாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அனுபவசாலி.

"சந்தேகம்னு வந்துட்டா நாம பத்திரமான பக்கம் போயிடணும். 'நிற்காது'ல டிக் அடி. முப்பது நாள்ல காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் போயிடும். நம்ம மேல நாளைக்கு ஒரு பேச்சு வராது பாரு."

"சார், நிக்காதுன்னு நிரூபணம்..."

"நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள மாத்தி எழுதிக் கொண்டா. ரெண்டு தரம் எழுதணும்னாலும் எழுது."

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். தப்பு தப்பாகவே இருந்தவரை யாருக்கும் ஒரு குறையும் இல்லை. திருத்தப் போனதும் ஒரு கடை மூடப்போகிறது.

மதியம் சலவைக்கடைக்குப் போனாள். ஓடும் இயந்திரம் இரண்டு, இஸ்திரி மேசை ஒன்று, கூரைவரைக்கும் அடுக்கிய விடுதி விரிப்புகள். கடையை நடத்தும் அக்கா பதினோரு வருடமாக அந்த மூலையில் இருக்கிறாள். முழங்கையால் கதவைத் திறப்பாள், இடுப்பால் மூடுவாள். கை எப்போதும் மடித்துக்கொண்டே இருக்கும்.

"வாம்மா தங்கச்சி. என்ன, சுவர் என்ன சொல்லுது?"

ரெண்டுதரம் நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். தன் தப்பு, வளையம், இரண்டு கட்டம், முப்பது நாள். அக்காவின் கை ஒரு விரிப்பின் பாதியில் நின்றது. அந்தக் கை நின்று ரெண்டுதரம் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமை நிக்கும்னே. இன்னிக்கு நிக்காதுங்கிற."

"நிக்காதுன்னு நான் சொல்லலைக்கா. தெரியலைன்னு சொல்றேன்."

"இதைச் சொல்றதுக்கு லென்ஸ் வேற." அக்கா விரிப்பைக் கீழே போட்டாள். "இன்னொரு இடம் தேடி, தண்ணிக்குக் குழாய் போட்டு, இந்த ரெண்டு யானையையும் தூக்கிட்டுப் போய் இறக்க இனிமே எனக்குத் தெம்பு கிடையாது. மூட வேண்டியதுதான். நீ அந்தத் தப்பைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமே, ஏம்மா?"

"நானும் நெனச்சேன்கா."

அக்கா குனிந்து விரிப்பை எடுத்தாள்.

"சரி. எவ்வளவு விரிஞ்சா காலி பண்ணணும்?"

"தகடு ஒட்டினதுலேர்ந்து பத்து மில்லி தாண்டினா. இப்ப நாலு புள்ளி ஆறு."

"நான் கேட்கிறது அஞ்சு வருஷம். நீ சொல்ற அந்த நிக்காத கணக்குப்படியே போகட்டும். அஞ்சு வருஷத்துல எவ்வளவு வரும்?"

இந்தக் கேள்வியை ரெண்டுதரம் தன்னையே கேட்டுக்கொள்ளவே இல்லை. முடிவே இல்லாத வாலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு வேண்டியதோ அறுபது மாதம்.

அக்கா கல்லாவிலிருந்து பெரிய பொத்தான் கால்குலேட்டரை எடுத்தாள். "சொல்லு. நான் அடிக்கிறேன்."

"ரெண்டை ஆறால வகுங்க. கூட்டி வச்சுக்குங்க. ரெண்டை ஏழால வகுங்க. கூட்டுங்க. ரெண்டை எட்டால..."

"அறுபதுல நிறுத்தணுமா?"

"ஆமா. இல்லை, இல்லை." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஏற்கெனவே அஞ்சு மாசம் போயிடுச்சு. அறுபத்தஞ்சு வரைக்கும்."

அக்காவின் கட்டைவிரல் நினைவுப் பொத்தானை விட்டு நகரவே இல்லை. கணக்கு முப்பதுகளில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளர் வந்தார். "சட்டை நாளைக்கு" என்று அக்கா நிமிராமலே அனுப்பிவைத்தாள். இயந்திரம் அலசி முடித்துப் பிழிய ஆரம்பித்தபோது அறுபத்தைந்து வந்தது. பழைய நாலு புள்ளி ஆறையும் சேர்த்தார்கள்.

ஒன்பது புள்ளி ஐந்து ஐந்து.

"பத்துக்குள்ளதானே?" என்றாள் அக்கா.

"இன்னொரு தரம் அடிச்சுப் பாக்கலாமாக்கா?"

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் அடித்தாள். மறுபடியும் ஒன்பது புள்ளி ஐந்து ஐந்து.

"எப்பத்தான் பத்தைத் தாண்டும்?"

"ஆரம்பத்துலேர்ந்து எண்ணினா ஏழு வருஷம் நெருங்குறப்ப. இருபது ஆகணும்னா ஆயிரம் வருஷத்துக்கு மேல."

"ஆயிரம் வருஷமா?" அக்கா பிழிந்துகொண்டிருந்த இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்தாள். "அதுக்குள்ள இதோட மோட்டாரை மாத்திடலாம்." பிறகு சிரிப்பு வடிந்தது. "ஆனா உங்க படிவத்துல இதுக்குக் கட்டம் கிடையாது, இல்ல?"

"கிடையாதுக்கா. இந்தக் கணக்கும் இதே மாதிரி போனாத்தான். அப்படித்தான் போகும்னு..."

"தெரியாது. புரிஞ்சுது, விடு." அக்கா சுவரைப் பார்த்தாள். "எனக்கு இன்னொண்ணும் புரியல. இது ரெண்டாம் நம்பர். ஒண்ணாம் நம்பர்காரங்களையும் காலி பண்ணச் சொல்லிட்டீங்களா?"

"அது சாம்பிள்கா."

"என்ன சாம்பிள்? உங்க சார் இங்க தகடு ஒட்டறப்ப நான் பயந்தேன், பசை பட்டு சுவர் உரியுமோன்னு. 'பயப்படாதீங்கம்மா, முதல்ல எங்க ஆபீஸ் சுவர்லயே ஒண்ணு ஒட்டிப் பழகிட்டுத்தான் வந்திருக்கேன், அலமாரிக்குப் பக்கத்துல ஒரு பெரிய விரிசல் இருந்துச்சு'ன்னாரே?"

ரெண்டுதரம் அலுவலகத்துக்கு நடந்தாள் என்று சொல்வதைவிட ஓடினாள் என்று சொல்லலாம். மேற்பார்வையாளர் வெளியே போயிருந்தார். கோப்பு அலமாரி சுவரோடு சுவராக நின்றது. அதன் கால் பக்கத்தில் தரையில் நான்கு பழைய தடங்கள். ஒரு காலத்தில் ஒன்றரை முழம் தள்ளி நின்றிருக்கிறது. இடுக்கில் டார்ச் அடித்து ஒற்றைக்கண்ணால் பார்த்தாள். தூசிக்குள் பிளாஸ்டிக் மின்னியது. எண் 1. சிவப்புக்கோடு எங்கோ தள்ளி நின்றது. எவ்வளவு என்று அந்த இடுக்கில் படிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் எதையும் மாற்றி எழுதிக்கொண்டு வரவில்லை. ஒன்பது புள்ளி ஐந்து ஐந்து என்ற காகிதத்தை மேற்பார்வையாளர் முன் வைத்தாள். அவர் அதை அடிக்கோலால் திருப்பித் தள்ளினார்.

"படிவத்துல அஞ்சு வருஷம்னு ஒரு கட்டம் இருக்கா? இல்ல. 'நிற்காது' போட்டியா?"

"போடறதுக்கு முன்னாடி இந்த அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தணும் சார். ஒரு பக்கம் நீங்க பிடிங்க."

"எதுக்கு?"

"ஒண்ணாம் நம்பர் என் பட்டியல்ல இல்ல சார். விட்டுப்போச்சு. என் தப்பு."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தன் தப்பு என்றுதான் நினைத்தாள். அதனாலேயே அவருக்கு மறுக்க ஒரு பிடியும் கிடைக்கவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். அலமாரி தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. ஒன்றாம் எண் தகடு ஐந்து மாதத் தூசியோடு வெளியே வந்தது. அதன் பின்னால், கூரையிலிருந்து இறங்கி, ஒரு சுண்டுவிரல் அகலத்தில் பழைய விரிசல் ஒன்று சாவகாசமாக இருந்தது.

அவள் துடைத்தாள். லென்ஸை வைத்தாள். பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"ஆறு புள்ளி ஒண்ணு சார்."

"சலவைக்கடைது?"

"நாலு புள்ளி ஆறு."

மேற்பார்வையாளர் அடிக்கோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"ஒப்பீட்டுச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு சார்" என்றாள் அவள். "ரெண்டு தொடரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். சிறுசே விரிஞ்சா, அதைவிடப் பெருசும் விரிஞ்சே தீரும். அதனால சலவைக்கடைச் சுவருக்கு 'நிற்காது'ன்னு போட்டா..."

"போட்டா?"

"இதுக்கும் 'நிற்காது'தான் சார். முப்பது நாள்."

மேற்பார்வையாளர் கண்ணெதிரே முப்பது நாள் விரிந்தது. புது அலுவலகம் என்று மேலிடம் ரொம்ப நாளாகக் காட்டிக்கொண்டிருக்கும் இடம் ஊரின் மறுகோடியில், மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. அவருக்கோ முழங்கால் இல்லை, இருந்தும் இல்லாத கணக்கு.

"பெருசு நின்னா?" என்றார் மெதுவாக.

"பெருசு ஒருங்கினா சிறுசும் ஒருங்கும் சார்."

"அப்ப நம்மது நின்னுடும்னு வையேன். அவங்களதும் தானா நின்னுடும்!"

முப்பது நிமிடத்துக்கு முன் அவருக்கு இந்தத் தேற்றமே தெரியாது. இப்போது எந்தத் திசையில் போகும், எந்தத் திசையில் போகாது என்று தெளிவாகப் புரிந்துவிட்டது. மாலை வகுப்பில் இவ்வளவு வேகமாக யாரும் புரிந்துகொண்டு அவள் பார்த்ததில்லை.

"ஆனா சார், இதுல ஒரு சிக்கல்..."

"சிக்கலெல்லாம் போதும்மா." கையைக் காட்டி நிறுத்தினார். "நம்மது நாலு வருஷம் தாங்குமா? நான் அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன்."

"அதே மாதிரி போனா இன்னும் ஒண்ணரை வருஷத்துல பத்தைத் தாண்டிடும் சார்."

"அதே மாதிரி போகும்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"இருக்கிறதை வச்சு அப்படிச் சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார். நேற்று இதே இடத்தில் இதையே சொன்னது யார் என்று அவருக்கு நினைவில்லை.

படிவத்தை எடுத்தார். எஃகு அடிக்கோலை வைத்து, 'நிற்கும்', 'நிற்காது' என்ற இரண்டு கட்டங்களுக்கும் கீழே, கோணல்மாணல் இல்லாமல் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். பக்கத்தில் தன் கையால் எழுதினார்: 'கண்காணிப்பில் உள்ளது. பத்து மில்லியைத் தாண்டும்வரை பயன்படுத்தலாம்.' அதில் ஒரு டிக் அடித்துக் கையெழுத்திட்டார்.

"இதை வச்சு ஓனர் ஒப்பந்தம் போடுவாரா சார்?"

"என் கையெழுத்து இருக்கில்ல? போடுவார். இனிமே ஒண்ணாம் நம்பரையும் மாசாமாசம் எடு." அலமாரியை ஒரு கையால் தொட்டார். "இப்ப அந்தப் பக்கம் பிடி. உள்ளே தள்ளிடுவோம்."

அன்று மாலை வகுப்புக்குப் போகும் வழியில் சலவைக்கடைக்குச் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா கேட்டுவிட்டு, "மூணாவது கட்டமா?" என்றாள். "பதினோரு வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன். ஒரு ஆபீஸ்லயும் மூணாவது கட்டத்தைப் பார்த்ததில்லை." சிரித்தாள். அவள் கை பழையபடி மடிக்க ஆரம்பித்திருந்தது.

வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு நாட்குறிப்பை எடுத்தாள்.

மார்ச் 14, வியாழன்.
இன்றும் ஒரு தவறு. ஒப்பீட்டுச் சோதனையில் உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட வேண்டும் என்பது விதி. ஒன்றாம் எண்ணுக்கு என்னிடம் ஐந்து மாத மொத்தம் மட்டுமே இருந்தது. மாதவாரியாக ஒன்றும் இல்லை. ஆகவே நான் சாரிடம் சொன்னது நிரூபணம் ஆகாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டினார். நான் நிறுத்திக்கொண்டேன். இந்த 'ஆகவே' சரி என்று நினைக்கிறேன்.

நாளை: காலை ஏழரைக்கு, இயந்திரம் ஓடத் தொடங்குமுன், படிவத்தை அக்காவிடம் கொடுக்க வேண்டும். அப்போதே இரண்டாம் எண்ணை இன்னொரு தரம் அளக்க வேண்டும். ஒன்றாம் எண்ணுக்குப் பட்டியலில் புதிதாக ஒரு பக்கம் திறக்க வேண்டும். அலமாரியை லென்ஸ் நுழையும் அளவுக்கு வெளியே இழுக்க வேண்டும். ஒரு பக்கம் பிடிக்கச் சாரைக் கேட்க வேண்டும். பயிற்சி நான்கு, கணக்கு ஏழு.